பி.டி. பீரியடில் கதை எதற்கு என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கோபப்பட்டிருந்தார். சில பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையில் பிள்ளைகளுக்குக் காவலர், வைத்தியர், மந்திரவாதி என்று பாத்திரங்களைக் கொடுத்துக் கதை விளையாட்டு நடத்துகிறார்களாம்; வியர்வை சிந்த ஓட வேண்டிய நேரத்தில் இந்தக் கூத்து எதற்கு என்பது அவர் கேள்வி. அந்தக் கூத்தை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அரசு ஊழியர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். பதிலைத் தவிர்க்க மனம் வரவில்லை.

முதலில் பி.டி. பீரியட் என்பது உண்மையில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நாற்பது பிள்ளைகள், காற்று பாதி இறங்கிய கால்பந்து ஒன்று, வேப்பமரம் ஒன்று. பந்தைத் தூக்கிப் போட்டால் நன்றாக ஆடத் தெரிந்த பத்துப் பேர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னும் பத்துப் பேர் பந்து வராத இடமாகப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் மரத்தடியில். அவர்களும் விளையாடியதாக வருகைப் பதிவேடு மட்டும் சொல்லும். கோட்டுக்கு வெளியே நின்று ஆசிரியர் "ஒற்றுமையாக ஆடுங்கள், பாஸ் கொடுங்கள்" என்று கத்துவார். எந்தப் பையனும் அதைக் கேட்டுப் பந்தைக் கொடுத்ததில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? தானே கொண்டுபோய் கோல் அடிக்க முடிகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் எதற்கு?

இதற்கு விடை நம் கோ-கோ ஆட்டத்திலேயே இருக்கிறது. துரத்துகிறவர் கோடியில் உள்ள கம்பத்தைச் சுற்றிப் போகாமல் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போக முடியாது. ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் பாதியில் திரும்பவும் முடியாது. பிடிக்க வேண்டியவர் மறுபக்கம் தாவிவிட்டார் என்றால், உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரில் ஒருவரின் முதுகில் தட்டி 'கோ' கொடுப்பதைத் தவிர வழியில்லை. எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் சரி. அந்த விதியை எடுத்துவிட்டால் கோ-கோ வெறும் ஓடிப்பிடித்தல் ஆகிவிடும். கிளித்தட்டிலும் அப்படித்தான்: மறிக்கிற அணியில் கிளி என்ற ஒருவர் மட்டும் கோடுகளில் இஷ்டம்போல் ஓடலாம், மற்றவர்கள் தத்தம் கோட்டை விட்டு நகர முடியாது. கபடியில் வெளியேறியவர் தானாக உள்ளே வர முடியாது, தன் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால்தான் அவருக்கு உயிர். ஒவ்வொருவருக்கும் ஒரு தடை இருப்பதால்தான் இன்னொருவர் தேவைப்படுகிறார்.

பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகளின் சூட்சுமமும் இதுவேதான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்துவது. வாள்வீரனுக்கு மந்திரம் தெரியாது. மந்திரவாதிக்கு அடி தாங்கும் உடம்பு கிடையாது. காயத்தை ஆற்றுகிறவர் இல்லாவிட்டால் குழு பாதி வழியிலேயே முடிந்துபோகும். இன்று நம் பிள்ளைகள் செல்போனில் ஆடும் பல ஆட்டங்களில் இந்தப் பங்கீட்டின் சாயல் இருக்கிறது. ஆகவே நான் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தே ஆடுவதை மைதானத்துக்கு இழுத்து வந்து ஓட வைத்தேன், அவ்வளவுதான்.

கதைக்கு நான் டிராகனைத் தேடிப் போகவில்லை. எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். புது ஆறு என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் அந்தக் கால்வாய், 1934-ல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து வந்தது. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 வந்தால் மேட்டூரில் 120 அடிக்கு எவ்வளவு நிற்கிறது என்று டீக்கடையில் பேச்சு தொடங்கிவிடும். அங்கே திறந்தது இங்கே எப்போது வரும், வருமா என்ற கவலையை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறது. எனவே எங்கள் ஆட்டத்தின் பெயர் 'கடைமடைக்குத் தண்ணீர்'.

மைதானத்தின் ஒரு கோடியில் சுண்ணாம்புக் கோடு போட்டால் அது மேட்டூர். நடுவில் கல்லணை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று கொட்டாங்குச்சி வரிசைகளால் நான்கு பாதைகள் பிரியும். மதிற்சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் குடம், அதுதான் கடைமடை. தண்ணீருக்குப் பதில் எலுமிச்சம்பழ அளவு ரப்பர் பந்து. போர்வெல் போடுகிறவரிடம் மிஞ்சிய பி.வி.சி. குழாயை முழ நீளத் துண்டுகளாக அறுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறேன். அந்தத் துண்டுகள் வழியாகவே பந்து உருண்டு போக வேண்டும்.

எட்டுப் பேர் ஒரு குழு. ஐவர் குழாய் பிடிப்பார்கள். பந்து தன் குழாயில் இருக்கும்போது கால் நகரக் கூடாது, கை பந்தில் படக் கூடாது. பந்து தன்னைக் கடந்ததும் ஓடிப்போய் வரிசையின் முன்னால் நின்று மறுபடி குழாயைப் பிடிக்க வேண்டும். கல்லணையில் ஒரு மடைக்காரர். பந்தை எந்தப் பாதையில் திருப்புவது என்பது அவர் கையில், ஆனால் இரண்டடி வட்டத்தை விட்டு அவர் வெளியே வர முடியாது. அன்றைக்கு எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது, எதில் சுற்றிக்கொண்டு கடைமடைக்குப் போகலாம் என்ற வரைபடத்தைப் பார்த்தவர் கணக்கர் ஒருவர்தான். அவர் மரத்தடிக் கல்லில் நின்று வாயால் சொல்லலாம், இறங்க முடியாது. பந்தைக் கீழே போட்டவர் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், வைத்தியர் ஓடி வந்து தொட்டால்தான் எழுந்திருக்கலாம். வைத்தியர் குழாயைத் தொடக் கூடாது. அடுத்த குழுவிலிருந்து ஒருவர் கொள்ளிடத்து முதலை. பாதை தவறி அந்தப் பக்கம் கால் வைத்தவரைப் பிடித்துக்கொள்வார். முதலை என் யோசனை இல்லை. அணைக்கரைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த ஒரு மாணவி, கொள்ளிடம் என்றால் முதலை இல்லாமலா என்று கேட்டுச் சேர்த்துவிட்டாள். இப்போது எல்லோரும் ஆசைப்படும் பாத்திரம் அதுதான்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். குறுவட்டப் போட்டியில் 200 மீட்டரில் முதலாவதாக வந்தவன். சீட்டுக் குலுக்கலில் அவனுக்கு மடைக்காரர் விழுந்தது. "ஓடாமல் நான் எதற்கு டீச்சர்?" என்று முறைத்தான். ஆட்டம் தொடங்கியதும் வட்டத்தை விட்டுப் பாய்ந்து தானே ஒரு குழாயைப் பிடுங்கினான். விசில் அடித்தேன், பந்து மறுபடி மேட்டூருக்குப் போயிற்று. கூட்டாளிகள் திட்டித் தீர்த்தார்கள். அடுத்த முறை வட்டத்துக்குள்ளேயே நின்றான், கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு. பந்து நெருங்கி வந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் கல்லில் நிற்கிறாள். அவள், பி.டி. பீரியட் வந்தால் வயிற்றுவலி என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறவள். குரலும் எடுபடாது. இவன் காதருகே கையைக் குவித்துப் பார்த்தான். பிறகு மொத்தக் கூட்டத்தையும் பார்த்துக் கத்தினான்: "எல்லாரும் வாயை மூடுங்கள், அவள் சொல்வது காதில் விழவில்லை!"

அந்தக் குழு அன்று ஜெயிக்கவில்லை. வெண்ணாற்றில் சரியாகத் திருப்பிய பிறகு, குடத்துக்குச் சற்று முன்னால் குழாய்க்காரர் ஒருவரை முதலை பிடித்துவிட்டது. ஆனால் பந்தை வைத்துக்கொண்டு மைதானத்தில் எந்தப் பையனும் அந்தப் பெண்ணின் வார்த்தைக்காகக் காத்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாத்திரங்களைக் கொடுப்பதில்தான் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும். இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டால், வகுப்பில் ஏற்கெனவே யார் மேலே, யார் கீழே என்பது அப்படியே மைதானத்தில் இறங்கிவிடும். தலைவனாக வருபவன் எப்போதும் தலைவனாகவே வருவான். பெண் பிள்ளைகளுக்கு வைத்தியர் வேலை தானாகவே போய்விடும். பருமனான பையனை ஓடாத வேலையில் நிற்க வைத்து, அதை அவனுக்குச் செய்த உபகாரம் என்று நாமும் நினைத்துக்கொள்வோம். ராஜா, சேனாபதி, வேலைக்காரன் என்ற அடுக்குள்ள கதையை நான் எடுக்கவே மாட்டேன். ஊரில் எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்த வேடம் என்று குழந்தைகளுக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகத் தெரியும். அதனால் எங்களிடம் சீட்டுக் குலுக்கல்தான், ஒவ்வொரு சுற்றுக்கும் பாத்திரம் மாறும். 200 மீட்டர் பையன் இப்போது வைத்தியராகவும் வந்திருக்கிறான். அதில் அவன் வேகம் பிரமாதமாக உதவுகிறது. வயிற்றுவலிப் பெண்ணுக்கு ஒருமுறை முதலை விழுந்தது. யாரையும் பிடிக்கவில்லை, ஆனால் ஓடினாள்.

பெரியவரின் வியர்வைக் கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி குறைகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. கதையை நீட்டினால் குறையத்தான் செய்யும். விதிகளை விளக்கியே பாதிப் பாடவேளையைத் தின்றுவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அவர் சொல்வது சரி. நான் கதையை மூன்று வாக்கியத்துக்கு மேல் சொல்வதில்லை: மேட்டூர் திறந்தாயிற்று, பாதை அடைபட்டிருக்கிறது, இருட்டுவதற்குள் குடத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகு விசில். குழாய்க்காரர்கள் பந்துக்கு முன்னால் ஓடி ஓடி நிற்பதைப் பெரியவர் ஒரு வியாழக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு வந்து பார்த்தால், வியர்வைக்குக் குறைவில்லை என்று தெரிந்துகொள்வார். பந்தைச் சுற்றிப் பத்துப் பேர் மட்டும் ஓடும் கால்பந்தில் மரத்தடி இருபது பேருக்கு எவ்வளவு வியர்த்தது என்று யாரும் கேட்டதில்லை.

பதக்கத்துக்கு இது உதவுமா என்றும் கேட்டிருந்தார். வாரத்தில் எனக்குக் கிடைப்பவை இரண்டு பாடவேளைகள். ஒன்றில் கபடி, கோ-கோ, தடகளம் என்று முறையான பயிற்சி. குறுவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் தயாராகிறவர்கள் காலையிலும் மாலையிலும் தனியாக வருகிறார்கள். பதக்கம் அவர்கள் பாடு. மற்ற பாடவேளை வகுப்பு முழுவதற்கும் உரியது. பத்தாம் வகுப்புப் பையன்களுக்குக் கதை கூச்சமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் மேட்டூர், முதலை எல்லாம் எடுபடாது. பாத்திரத்தையும் தடையையும் மட்டும் வைத்துக்கொண்டு கதையை விட்டுவிடுகிறேன். அமெரிக்க உடற்கல்வி அறிஞர் டேரில் சீடன்டாப் வகுத்த முறை அவர்களுக்குப் பொருந்துகிறது. அதில் ஆடுகிறவர் தவிர நடுவர், பயிற்சியாளர், மதிப்பெண் குறிப்பவர் எல்லாமே மாணவர்கள்தான், பொறுப்பும் மாறி மாறி வரும். நடுவராக நின்று ஒருமுறை திட்டு வாங்கிய பையன் அதன் பிறகு நடுவரிடம் வாயாடுவது கொஞ்சம் குறைகிறது. கொஞ்சம்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் மரத்தடியில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: இன்றைக்கு யார் இல்லாவிட்டால் பந்து போயிருக்காது? தன் பெயரைச் சொல்லக் கூடாது. தொடக்கத்தில் சிநேகிதன் பெயரைச் சொல்வார்கள். போகப் போக, "பந்தைக் கீழே விட்டு உட்கார்ந்திருந்தேன், அவன் வந்து தொட்டான்" என்று காரணத்தோடு வரும். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் மீதி எல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்பது என் அனுபவம்.

இனி துறைக்கு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆள் இருக்கும் பள்ளிகளிலேயே, தேர்வு நெருங்கினால் எங்கள் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் வாங்கிக்கொள்வது ஊரறிந்த வழக்கம். நாங்களும் மறுப்பதில்லை, மறுத்தால் ஆசிரியர் அறையில் நமக்கு டீ வராது. தொடக்க வகுப்புகளுக்கு 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆடல், பாடல், கதை மூலம் எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கலாம் என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுத்துக்கு விளையாட்டு உதவும் என்றால், விளையாட்டுக்குக் கதை உதவக் கூடாதா?

எங்கள் பணியிடைப் பயிற்சிகளில் ஆடுகளத்தின் அளவுகளும் திருத்தப்பட்ட விதிகளும் சொல்லித்தருகிறார்கள். அவையும் வேண்டும். ஆடத் தெரியாத பிள்ளையை ஆட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், குழாயும் பந்தும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.