விலையோடு அளவையும் ஒப்பிடுங்கள்

ஆசிரியருக்கு,

எடை குறைக்கும் பெப்டைடு ஊசிகளை வாங்கும் வழிகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மருத்துவர் சீட்டுடன் மருந்துக் கடை, காணொலி வழி ஆலோசனை, இணையத்தில் விற்கும் தூள் குப்பி ஆகிய மூன்றையும் விலையை வைத்தே எடைபோட்டிருந்தீர்கள். மருந்தின் அளவைக் கணக்கிடுவது யார் என்பதல்லவா முதல் கேள்வி? இவ்வகை ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளுடைடை எடை குறைப்புக்கு வாரம் ஒரு முறை 0.25 மில்லிகிராம் எனத் தொடங்கி, நான்கு வாரங்களுக்குப் பிறகே கூட்டுவது வழக்கம். ஆலையிலிருந்து வரும் ஊசிப் பேனாவில் அந்த அளவு குறிக்கப்பட்டிருக்கும். தூள் குப்பியிலோ, நீர் கலப்பது முதல் எல்லாமே வாங்கியவர் தலையில் விழுகிறது.

என் நண்பர் 5 மில்லிகிராம் செமாகுளுடைடுத் தூளில் 2 மில்லிலிட்டர் நீர் கலந்தார். ஒரு மில்லிலிட்டரை 100 யூனிட்டாகப் பிரித்துக் குறித்த இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் எடுத்திருந்தாலே 0.25 மில்லிகிராம் கிடைத்திருக்கும். அவரோ 0.25 என்பதை 25 யூனிட் என்று எண்ணி, இரண்டரை மடங்கு ஏற்றிக்கொண்டார். இரண்டு நாள் ஓயாத வாந்தி. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை (நீல மூடி மட்டும் பளபளப்பாக இருந்தது). இனி இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, அளவைத் தீர்மானிப்பவர் யார், பக்கவிளைவு வந்தால் யாரை அழைப்பது என்ற விவரங்களையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்