ஒளிப்படக் குழுவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

இந்த மாதக் கடைசியோடு நம் ஒளிப்படக் குழுவை மூடுகிறோம். வரும் படங்களைப் பிரித்துவைக்க, கேள்விகளுக்குப் பதில் எழுத, இரவல் கருவிகளைக் கணக்குப் பார்க்க ஆள் போதவில்லை. இருக்கிறவர்களுக்கும் முன்போல் நேரம் கிடைப்பதில்லை. காரணம் அவ்வளவுதான், சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பெயர்களைக் குறிப்பிடவில்லை. செய்த வேலையைச் சொன்னாலே இன்னாரென்று தெரிந்துவிடும்.

முதல் நன்றி, சொதப்பிய படங்களை அனுப்பியவர்களுக்கு. பாராட்டு வாங்கிய படங்களைப் பார்த்து மகிழ்ந்தோமே தவிர, அவற்றிலிருந்து யாரும் பெரிதாகக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கலங்கிய படத்தை வெட்டாமல், திருத்தாமல், கேமரா அதில் எழுதிவைத்த விவரங்களையும் அழிக்காமல் அப்படியே அனுப்பி, "ஏன் இப்படி வந்தது?" என்று கேட்டார்களே, அவர்கள் தயவில்தான் இந்தக் குழு ஓடியது. ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப்/ எண் பெரிதானால் திறப்பு சின்னது), ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்), குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. அளவு) நான்கும் தெரிந்தால்தான் காரணம் சொல்ல முடியும். தெரியாவிட்டால் சொல்வதெல்லாம் ஜோசியம்.

அதிகம் வந்த புகார், "படம் ஷார்ப்பாக இல்லை." அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் மூன்று நோய்கள் தனித்தனியாகத் தெரிந்தன. படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைக்கு மூலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, சின்ன ஒளிப்புள்ளிகூடக் கோடாக நீண்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து, ஓடும் குழந்தையின் கைகால் மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் அந்த ஓட்டத்துக்குப் போதவில்லை. முகம் மங்கி, பின்னாலிருக்கும் சுவரின் சொரசொரப்பு துல்லியமாக வந்திருந்தால் ஃபோகஸ் போய் உட்கார்ந்த இடம் தப்பு.

மூன்றுக்கும் மருந்து வேறு. கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கே போதும்: 200 மி.மீ. லென்ஸ் என்றால் முழுச்சட்ட சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள, படம் பதியும் சில்லு) ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் குறையக் கூடாது, அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் ஒன்றரையால் பெருக்கினால் 1/300, கேமராவில் அதற்கு அடுத்த எண் 1/320. லென்ஸிலோ கேமராவிலோ ஸ்டெபிலைசர் இருந்தால் இதைவிடக் கீழே போகலாம். ஆனால் அது தணிப்பது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான்; எதிரில் ஓடுகிறவரை அதனால் நிறுத்த முடியாது. ஓடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 வரை ஏற்றித்தான் ஆகவேண்டும். அதற்கு வெளிச்சம் போதாதபோது ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டப் பலரும் பயந்தார்கள். புள்ளிபுள்ளியாக வந்த படத்தை ஓரளவு தேற்றிவிடலாம், கலங்கிய படத்தை யாராலும் தேற்ற முடியாது.

வெள்ளை உடை சாம்பலாக வந்த படங்களையும், நிலா வெறும் வெள்ளை வட்டமாக வந்த படங்களையும் அனுப்பியவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். படச்சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்தால் அது படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் கூட்டவேண்டும், அதாவது படத்தில் விழும் ஒளியை இரட்டிப்பாக்கவேண்டும். கறுப்பு நிறைந்தால் 1 ஸ்டாப் குறைக்கவேண்டும். நிலா விஷயத்திலும் இதே கதைதான். சுற்றிலும் இருக்கும் கறுப்பு வானத்தைப் பார்த்து ஒளிமானி ஏமாறுகிறது. நாம் இரவில் பார்த்தாலும், நிலா நல்ல வெயிலில் கிடக்கும் பாறை. முழுநிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, 1/100 நொடி என்று கைமுறையில் வைத்துத் தொடங்கினால் நிலாவின் கறைகள் தெரியும். பிறைக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தேவை.

அரங்கப் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்ததைக் கேமராக் கோளாறு என்று நினைத்தவர்கள் உண்டு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை போய்விடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120. எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அதில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அடுத்து, விமர்சனம் எழுதியவர்கள். "அருமை", "சூப்பர்" என்று எழுதுவது சுலபம், அதற்கு யாரும் தடை போட்டதில்லை. ஆனால் சிலர் படத்தின் நான்கு ஓரங்களையும் முதலில் சுற்றிவந்து, பாதியில் வெட்டுப்பட்ட விரலையும் தலைக்குப் பின்னால் முளைத்த கம்பத்தையும் கண்டுபிடித்தார்கள். பிறகு படத்தில் அதிக வெளிச்சமான இடம் எது, பார்க்கவேண்டிய ஆளும் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்கள். "அரை அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கம்பம் முகத்துக்குப் பின்னாலிருந்து விலகியிருக்கும்" என்பது போன்ற ஒரு வரி, பத்துப் பாராட்டுக்குச் சமம். எடுத்தவர் மறுமுறை போய்ச் செய்துபார்க்கக்கூடிய வரி அது.

தூசு, பூஞ்சை இரண்டோடும் மல்லுக்கட்டிய நண்பர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அவர்கள் எழுதித்தந்த முறையை இங்கே சுருக்கிவைக்கிறோம், குழு போனாலும் இது போகக் கூடாது. சென்சாரில் தூசு இருக்கிறதா என்று பார்க்க எஃப்/16 அல்லது எஃப்/22 வைத்து, ஒரு வெள்ளைத் தாளை ஃபோகஸ் ஆகாமல் சட்டம் நிறைய எடுங்கள். திறந்த அப்பர்ச்சரில் தூசு தெரியாது, எஃப்/2.8-இல் எடுத்துவிட்டுச் சுத்தம் என்று நிம்மதி அடைய வேண்டாம். படத்தில் மேல் இடது மூலையில் புள்ளி தெரிந்தால், கேமராவின் முகத்தைப் பார்த்து நிற்கும்போது தூசு இருப்பது கீழ் இடது மூலையில். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழவைப்பதுதான் காரணம்.

சுத்தம் செய்யும் முன் பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும். கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். கேமராவில் பாதி வேலையில் சார்ஜ் தீர்ந்தால் ஷட்டரும் கண்ணாடியும் துடைக்கும் குச்சியின் மேலேயே வந்து விழும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் ஐந்தாறு முறை ஊதுங்கள். பெரும்பாலான தூசு இதிலேயே உதிரும். அடைத்து விற்கும் காற்றுக் குப்பி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து தெறிக்கும் திரவம் சென்சாரில் கறையாக உறைகிறது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊதியும் போகாத தூசுக்குத்தான் ஈரக் குச்சி: ஏ.பி.எஸ்.-சி என்றால் 16 மி.மீ. அகலம், முழுச்சட்டம் என்றால் 24 மி.மீ. சென்சார் துடைக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. குச்சியைத் திருப்பி, மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு. அதோடு அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று அதையே மறுபடி இழுத்தால், முதல் இழுப்பில் ஒட்டிய மணல்துகள் இரண்டாவதில் கீறும்.

பூஞ்சைக்கு வரும் முன் காப்பதுதான் வழி. காற்றில் ஈரப்பதம் நெடுநாள் 60 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி இழை படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரிக்கும். அரித்த தடம் சுத்தம் செய்தாலும் போகாது. காற்றுப் புகாத டப்பா, ஒரு சின்ன ஈரமானி, சிலிக்கா ஜெல் இருந்தால் போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பரும் உள்ளே போட்ட மசகும் காயும். தோல் உறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

இன்னமும் ஃபிலிமில் எடுத்து, தாங்களே கழுவியவர்கள் குழுவில் குறைவு. ஆனால் அவர்களைப்போல் அளவு பிசகாமல் எழுதியவர்கள் வேறு யாருமில்லை. இல்ஃபோர்ட் எச்.பி. 5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஐ.எஸ்.ஓ. 400-இல் எடுத்திருந்தால், டி-76 என்ற டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும்) கரைசலோடு சமபங்கு தண்ணீர் சேர்த்து, 20 டிகிரியில் 11 நிமிடம். முதல் 30 நொடி தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்தவும், பிறகு நிமிடத்துக்கு 10 நொடி. ஒவ்வொரு முறையும் தொட்டியை மேசையில் ஒரு தட்டு தட்டாவிட்டால், காற்றுக் குமிழி ஒட்டிய இடத்தில் வட்டத் தடம் விழும். தண்ணீர் 24 டிகிரியாக இருந்தால் நேரம் சுமார் 30 விழுக்காடு குறையும். இதைக் கணக்கில் எடுக்காததால் வெளுத்துப்போன வானங்கள் ஏராளம். ஃபிக்ஸரை (படத்தை நிலைநிறுத்தும் கரைசலை) நம்பும் முன், வெட்டிப்போட்ட ஃபிலிம் முனையை அதில் நனைத்து, எத்தனை நொடியில் அது தெளிகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிலிம் அதில் இருக்கவேண்டும். புதுக் கரைசலில் தெளிந்ததைவிட இரு மடங்கு நேரம் பிடித்தால் கரைசல் தீர்ந்துவிட்டது. பால்போல் வெண்திட்டு தெரிந்தால் பதறவேண்டாம், புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் சரியாகும். பழைய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

மிக நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோக்காரர்கள் ஒரே ஒரு எண்ணை எல்லார் மண்டையிலும் ஏற்றினார்கள்: ஒன்றுக்கொன்று அளவில் (பொருளும் சென்சாரில் விழும் அதன் பிம்பமும் ஒரே அளவு), முழுச்சட்டத்தில், எஃப்/8-இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. தும்பியின் கண் தெளிவாக வந்தால் சிறகு வராது. அதனால்தான் ஃபோகஸை இம்மியிம்மியாக நகர்த்திப் பல படம் எடுத்து அடுக்குகிறார்கள்.

கூடு கட்டிய பறவைகளின் படங்களை எடுத்தும் வெளியிடாமல் வைத்துக்கொண்டவர்களுக்கும், வெளியிட்ட படங்களிலிருந்து இருப்பிடக் குறிப்பை நீக்கியவர்களுக்கும் நன்றி. கூட்டைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த நாள் அங்கே கூட்டம் கூடும், தாய்ப்பறவை முட்டையை விட்டு எழும். இந்த ஒன்றில் அவர்கள் விட்டுக்கொடுக்காதது நல்லதாகப் போயிற்று.

கடைசியாக, படங்களைச் சேமித்துக் காத்தவர்கள். குழுவிடம் இருக்கும் உங்கள் படங்களை மூடுவதற்குள் திருப்பித் தருகிறோம். கோப்புப் பெயர்கள் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருக்கும், அகரவரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். ரா கோப்போடு (கேமரா பதிந்த, பதப்படுத்தாத கோப்பு) அதே பெயரில் எக்ஸ்.எம்.பி. என்ற சின்னக் கோப்பும் வரும். உங்கள் திருத்தங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, குப்பை என்று அழித்துவிடாதீர்கள். நகலெடுத்த பிறகு எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் செக்சம் (கோப்பில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பாதியில் அறுந்த கோப்புக்கும் பெயர் இருக்கும், திறந்தால்தான் பாதிப் படம் சாம்பலாக நிற்கும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். பல ஆண்டுக்கு எடுத்துவைக்க எஸ்.எஸ்.டி.-யை (சில்லில் பதியும் சேமிப்புச் சாதனம்) நம்பவேண்டாம், மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் உள்ளது அழியலாம். நீளப் பக்கம் 2048 பிக்சலாகச் சுருக்கி அனுப்பிய படங்கள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் ஏழு அங்குலம்கூட வராது. பெரிதாக அச்சிட நினைப்பவர்கள் உங்களிடமுள்ள மூலக் கோப்பைத் தேடி எடுங்கள்.

இரவல் கருவிகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. அனுப்பும்போது லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, இருபக்க மூடியும் போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பையோடு தனித்தனியாகச் சுற்றுங்கள். மாட்டியபடி அனுப்பினால் ஒரு அதிர்ச்சியில் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) வளையும். பேட்டரியைக் கழற்றி, அதன் முனைகளில் டேப் ஒட்டுங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் நீட்டிப்புக் குழாய்கள் மூன்றும் ஒரே பெட்டியில் போயின, 12 மி.மீ. குழாய் மட்டும் யாரிடமோ தங்கியிருக்கிறது. பையின் பக்க அறையை ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

நன்றியுடன்,
குழுப் பொறுப்பாளர்கள்