லாக்ஸ்டன், மூர்ஹவுஸ் ஊர்க்காரங்களுக்கும் கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தீசிஸுக்கான ஃபீல்டு ஒர்க் நல்லபடியா முடிஞ்சுது. ஊர்க்காரங்களுக்கு இங்கிலீஷ்ல தனியா லெட்டர் போட்டுட்டேன், ஆனா நம்ம ஆளுங்களும் நெறைய பேர் கை குடுத்திருக்காங்க, அதான் இது.

தெரியாதவங்களுக்கு: லாக்ஸ்டன் நாட்டிங்ஹாம்ஷயர்ல நியூவார்க் பக்கம் இருக்கிற சின்ன ஊர், அதுவும் பக்கத்துல இருக்கிற மூர்ஹவுஸும் சேர்ந்து ஒரே பாரிஷ் (நம்ம ஊராட்சி மாதிரி). இங்கிலாந்துல கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் பொது வயலையெல்லாம் பிரிச்சு வேலி போட்டு முடிச்சிட்டாங்க, இங்க வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டுன்னு மூணு பெரிய வயல் வேலியே இல்லாம இன்னும் இருக்கு, அதுக்குள்ள ஒவ்வொரு விவசாயிக்கும் அங்கங்க நீளநீளமா பங்கு. ஒரு வயல்ல குளிர்கால கோதுமை, ஒண்ணுல வசந்தத்துல விதைக்கிற பயிர், ஒண்ணு தரிசு, வருஷாவருஷம் மாத்திக்குவாங்க.

முதல் நன்றி ஜூரிகாரங்களுக்கு, அதாவது வயல் எல்லையை சரிபார்க்குற ஊர் குழுவுக்கு. நவம்பர் கடைசியில கோதுமை விதைச்ச வயலை அவங்க சுத்திப் பார்க்குற அன்னிக்கு, யாருன்னே தெரியாத என்னையும் டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டாங்க. எல்லை எங்கன்னு ரெண்டு முனையிலயும் நின்னு கண்ணை சுருக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்னு கையை ஆட்டி, அப்புறம் சம்மட்டியால மர முளையை அடிச்சு இறக்குறாங்க, யாராவது பொதுப் பாதையையோ புல் நிலத்தையோ சேர்த்து உழுதுட்டா எழுதி வெச்சு, அப்புறம் ஊர் பப்பான டவ்கோட் இன்ல கூடுற கோர்ட் லீட்ல (பழைய காலத்துல இருந்து வர்ற ஊர் கோர்ட்) அபராதம் போடுவாங்க. இத்தனைக்கும் ஜூரில இருக்கிறவங்களும் அதே விவசாயிங்கதான்! இது ஷோவுக்கு நடக்குற விஷயம் இல்லைங்க, நெஜமாவே அவங்களே அவங்க நிலத்தைக் காத்துக்கிறாங்க, அதை நேர்ல பார்க்க விட்டதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

மூர்ஹவுஸ்ல ஒரு பெரியவர் பங்கு எப்படி மாறி வந்துச்சுன்னு பொறுமையா சொன்னாரு. 1635ல மார்க் பியர்ஸ் வரைஞ்ச மேப்போட பிரிண்டை விரிச்சு வெச்சு (ஒரிஜினல் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் லைப்ரரில இருக்கு), இந்தத் துண்டெல்லாம் போன நூற்றாண்டு ஆரம்பத்துல ஒண்ணு சேர்த்து பெருசாக்கினதுன்னு விரலை வெச்சே காட்டினாரு. அந்த ஒரு சாயங்காலத்துலதான் என் மூணாவது சாப்டரே பொறந்துச்சு. அவர் வீட்டு அம்மா குடுத்த சூப்புக்கும் நன்றி, நடுங்கிட்டு வந்தேன் அன்னிக்கு.

சர்ச் கதவைத் தெறந்து காட்டினவங்க, புல் நிலத்துல புல் ஏலம் எப்படி நடக்கும்னு சொன்னவங்க, எல்லாருக்கும் நன்றி. இந்த நிலத்தை 1952ல அரசாங்கம் வாங்கி, 1981ல கிரவுன் எஸ்டேட் (அரச குடும்பத்துப் பேர்ல இருக்கிற சொத்தைப் பார்த்துக்கிற அமைப்பு) கைக்குப் போயி, 2020ல திரும்ப பழைய சொந்தக்காரங்களான தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே வந்திருக்கு, இத்தனை கை மாறியும் இந்த முறை நிக்குதுன்னா விடாம உழுற அந்தக் குடும்பங்களாலதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

நியூவார்க் அக்கா, அத்தான், தங்க இடம் குடுத்து விடியக்காலையில இட்லி கட்டிக் குடுத்து பஸ் இல்லாத நாள்லயெல்லாம் கார்ல கொண்டு விட்டீங்க, நீங்க இல்லாம இது நடந்தே இருக்காது. மேப் ஸ்கேனிங்ல உதவின தம்பிக்கும் ரொம்ப நன்றிடா.

தீசிஸ் பைண்ட் ஆனதும் ஒரு காப்பி லாக்ஸ்டனுக்குக் குடுக்குறதா வாக்கு குடுத்திருக்கேன். அடுத்த புல் ஏலத்துக்கு போறேன், வர்றவங்க சொல்லுங்க, சேர்ந்தே போலாம்.