கேரேஜ்ல பட்டறை போடற மகளுக்கு

அம்மிணி,

நல்லாருக்கியா? மாப்ள வேலைக்கு போய்ட்டு வர்றாரா, பேரன் ஸ்கூலுக்கு அழுகாம போறானா? இங்க நானும் அம்மாவும் சௌக்கியம். கேரேஜ் பட்டறைக்கு வாங்கோணும்னு அமெரிக்காலருந்து நீ அனுப்புன சாமான் லிஸ்ட்ட நல்லா பாத்தேன். போன்ல பேசுனா பாதி விட்டுப்போகுது, நீயும் மீட்டிங்னு வெச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா போனாலும் முழுசா படிச்சிரு.

கேரேஜ்ல நானே ஒரு பட்டறை போடறேன்ப்பான்னு நீ சொன்னது அப்பாவுக்கு அவ்ளோ சந்தோஷம். கோயமுத்தூர் கணபதில இருக்கற நம்ம வீட்டு ஷெட்ல ஸ்கூல் விட்டு வந்து யூனிபாரத்தோட அரம் புடிச்ச கை அது, கம்ப்யூட்டர் தட்டறதோட நின்னுபோகாம இருக்கறது எனக்கு பெரிய நிம்மதி. ஆனா லிஸ்ட்ல மொத அயிட்டம் மரம் அறுக்கற டேபிள் சா, அடுத்தது கோணத்துல வெட்டற மைட்டர் சா, அப்பறம் காத்தடிக்கற கம்ப்ரஸர், வேலை செய்யற மேசைக்கு பெஞ்சுன்னு கடைசில ஏதோ மடக்கற மாதிரி ஒண்ணு போட்டிருக்க, பொருள கவ்வி புடிக்கற வைஸ் லிஸ்ட்லயே இல்ல. இத அப்படியே தலைகீழா மாத்தோணும் கண்ணு. எந்த வேலையா இருந்தாலும் மொதல்ல பொருள புடிக்கோணும், அப்பறம்தான் வெட்டறது ராவறது ஓட்டை போடறது எல்லாம். பொருள் ஆடுனா எவ்ளோ விலை மிஷின் இருந்தாலும் வேலை சுத்தமா வராது, கையும் தப்பாது. ஆடாத பெஞ்ச், நல்ல வைஸ், நல்ல வெளிச்சம், சரியான கரண்ட், இந்த நாலு இருந்துட்டா மத்தத வேலை வர வர வாங்கிக்கலாம்.

போன தடவை அங்க வந்திருந்தப்ப உன் கேரேஜ நல்லா பாத்துட்டுத்தான் வந்தேன். கதவு பக்கத்துல சிமெண்ட் தரைல ஒரு முத்திரை பதிச்சிருந்துச்சு ஞாபகம் இருக்கா, போஸ்ட் டென்ஷன் ஸ்லாப், வெட்டாதே துளைக்காதேன்னு. நீங்க இருக்கற டல்லாஸ் பக்கம் மண்ணு களிமண்ணு, மழைல உப்பி வெயில்ல சுருங்கும், அதனால அஸ்திவாரம் வெடிக்காம இருக்க ஸ்லாபுக்குள்ள இரும்பு கேபிள இழுத்து முறுக்கா வெச்சிருப்பாங்க. அந்த கேபிள்ல டிரில் பட்டு அறுந்துச்சுன்னா பல டன் இழுவை ஒரே நேரத்துல வெளிய வரும், ஆளுக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. நம்மூர்ல மாதிரி தரைல ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் அடிக்கற நெனப்பே வேண்டாம். பெஞ்ச சுவத்துல புடிச்சுக்கலாம், மிஷின சக்கரம் வெச்ச ஸ்டாண்டுல நிறுத்திக்கலாம்.

சக்கரம் எப்படியும் வேணும். ஏப்ரல் மே மாசத்துல உங்க பக்கம் விழற ஆலங்கட்டி ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் தண்டி இருக்கும், கார் வெளிய நின்னா மேல்பூரா பள்ளம் விழுந்துரும். அதனால கேரேஜ் மொத்தத்தையும் பட்டறையாக்க வேண்டாம், ஒரு கார் நிக்கற எடத்த பட்டறைக்கு எடுத்துக்க, வானிலை சரியில்லைன்னா அஞ்சு நிமிசத்துல எல்லாத்தையும் சுவரோரம் தள்ளிட்டு ரெண்டாவது காரும் உள்ள வர்ற மாதிரி இருக்கட்டும்.

பெஞ்ச நீயே செய். ஆறடி நீளம் ரெண்டடி அகலம் போதும். முக்கா இஞ்ச் பிளைவுட் நாலுக்கு எட்டு ஷீட் ஒண்ணு வாங்குனா, நீளவாக்குல ரெண்டா அறுத்து ஆறடில வெட்டிட்டா மேல்பலகைக்கு ரெண்டு அடுக்கு வந்துரும், மிச்சம் ரெண்டுக்கு ரெண்டு அளவுல ரெண்டு துண்டு நிக்கும், அத கீழ்த்தட்டுக்கு போட்டுக்க. ஹோம் டிப்போ கடைலயே வெட்டி குடுத்துருவாங்க, அங்க நின்னு பாத்தோமே. ரெண்டு அடுக்குக்கும் நடுவுல கோந்த பிரஷ்ல இழுவி, அடியிலருந்து ஸ்க்ரூ போட்டு ஒரு ராத்திரி விட்டுரு, ஒன்றரை இஞ்ச் கனம், சுத்தியல்ல அடிச்சாலும் தாங்கும். காலுக்கு நாலுக்கு நாலு இஞ்ச் கட்டை, சட்டத்துக்கு ரெண்டுக்கு நாலு. ஒண்ணு மறந்துராத, அங்க ரெண்டுக்கு நாலுன்னு சொல்றது நெஜத்துல ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச்தான், நாலுக்கு நாலும் மூன்றரைக்கு மூன்றரை, பேப்பர்ல கணக்கு போடறப்ப இந்த அளவ வெச்சு போடு. கடைல கட்டைய அடுக்குலருந்து அப்படியே தூக்கிட்டு வராத, ஒவ்வொண்ணையும் கண்ணு கிட்ட வெச்சு ஒரு முனைலருந்து மறுமுனை வரைக்கும் ஓரத்த பாரு, முறுக்கு வளைவு அப்பவே தெரிஞ்சுரும். வாங்கிட்டு வந்து ஒரு வாரம் கேரேஜ்லயே அடுக்கி போடு, ஈரம் எறங்கட்டும், அப்பறம் வெட்டு.

தரை கதவு பக்கம் சரிவா இருக்கும், தண்ணியும் கசிஞ்ச பெட்ரோலும் வெளிய ஓடறதுக்காக அப்படித்தான் போடுவாங்க. பக்கச்சுவத்தோரமா பெஞ்ச் போட்டா ஆறடிக்குள்ளயே அரை இஞ்ச் முக்கா இஞ்ச் எறங்கிரும். நாலு காலையும் ஒரே அளவா வெட்டிட்டு அப்பறம் அட்டை சொருகறது பட்டறை வேலை இல்ல. மொதல்ல மட்டம் வெச்சு எந்த காலுக்கு எவ்ளோ வேணும்னு எடுத்துக்க, இல்லைன்னா காலுக்கு அடில திருகற பாதம் போட்டுக்க. அப்பறம் பின்னாடி சட்டத்த சுவத்துக்குள்ள இருக்கற மரக்கட்டைல ஸ்க்ரூ போட்டு முறுக்கு, ஸ்டட்டுன்னு சொல்றீங்களே அதுதான், 16 இஞ்சுக்கு ஒண்ணு இருக்கும், ஒரு சின்ன காந்தத்த சுவத்து மேல ஓட்டுனா ஜிப்சம் போர்டுல அடிச்ச ஸ்க்ரூல ஒட்டிக்கும், அந்த கோடுதான் கட்டை. வெறும் போர்டுல எதையும் மாட்டாத, வெயிட் தாங்காது. வீட்டோட ஒட்டுன சுவத்த மட்டும் விட்டுரு, அங்க இருக்கற போர்டு கேரேஜ்ல புடிச்ச தீயும் கார் புகையும் வீட்டுக்குள்ள வராம தடுக்கறதுக்காக, அதுல கேபிளுக்கு பைப்புக்குன்னு ஓட்டை போடக்கூடாது.

உயரம் யார் சொன்னதையும் கேக்காத, உன் கைய கேளு. நேரா நின்னு முழங்கைய மடக்கு, வைஸோட தாடை மேல்பக்கம் உன் முழங்கை உயரத்துக்கு வரோணும். அந்த உயரத்துலருந்து வைஸ் உயரத்த கழிச்சா பெஞ்ச் உயரம். அதிகமா இருந்தா தோள் வலிக்கும், கம்மியா இருந்தா இடுப்பு போயிரும், நீ வேற நாளெல்லாம் உக்காந்தே வேலை பாக்கறவ. மரம் இழைக்கறதுக்கு இன்னும் தாழ்வா வேணும், பின்னாடி அந்த வேலை நெறைய வந்தா அதுக்குன்னு ஒரு மேசை போட்டுக்கலாம்.

வைஸ பெஞ்ச் நடுவுல வெக்காத, கால் இருக்கற மூலைக்கு நேர் மேல வெய்யி, அப்பதான் அடி நேரா தரைக்கு எறங்கும். அசையாத தாடை பெஞ்ச் விளிம்ப விட்டு ஒரு நூல், அதாவது இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு, வெளிய நிக்கோணும், இல்லைன்னா நீளமான இரும்பு பட்டைய நட்டுக்கா நிறுத்தி புடிக்கறப்ப கீழ பெஞ்ச்ல இடிக்கும். மர ஸ்க்ரூ போட்டு புடிக்காத, பலகைல முழுசா ஓட்டை போட்டு போல்ட் விட்டு அடியில பெரிய வாஷர் போட்டு முறுக்கு. முடிச்சதும் ஒரு இரும்பு துண்ட வைஸ்ல புடிச்சு சொரசொரப்பான ராஃப் அரத்துல ராவி பாரு. பெஞ்ச் சரியா நின்னா சத்தம் சர்ரு சர்ருன்னு ஒரே மாதிரி வரும், இரும்புத்தூள் ஒரே எடத்துல விழுகும். கிரீச்சுன்னு கூசற மாதிரி கத்துச்சுன்னா எங்கயோ ஆடுதுன்னு அர்த்தம், ஒண்ணு பெஞ்ச், இல்ல துண்டு தாடைக்கு ரொம்ப மேல நிக்குது. அந்த சத்தத்த காதுல ஏத்திக்க, அதுவே பாதி வேலைய சொல்லிக்குடுக்கும்.

இப்ப கரண்டு. நம்ம ஷெட்ல இருக்கற, கல்லு சுத்தி இரும்ப தீட்டற பெஞ்ச் கிரைண்டர பார்சல் பண்ணுங்கப்பான்னு கேட்ட, ஆசைதான், ஆனா வேண்டாம். இங்க 230 வோல்ட் 50 சைக்கிள், ஹெர்ட்ஸ்னு சொல்றது, அங்க பிளக்ல 120 வோல்ட் 60 சைக்கிள். 120ல குடுத்தா மோட்டார் கெளம்பவே திணறும், சரின்னு துணி காயவெக்கற டிரையர் மாதிரி 240 லைன்ல குடுத்தாலும் 50 சைக்கிள்ல நிமிசத்துக்கு 2800 சொச்சம் சுத்தறது 60 சைக்கிள்ல 3400 சொச்சம் சுத்தும். கல்லு மேல எழுதியிருக்கற ஆர்பிஎம்ம, அதான் நிமிசத்துக்கு இத்தன சுத்துங்கற கணக்க, தாண்டுனா கல்லு வெடிக்கும், அதுல அப்பா ரிஸ்க் எடுக்க மாட்டேன். அங்கயே ஒண்ணு வாங்கிக்க. வாங்குன உடனே கல்ல கழட்டி விரல்ல தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால லேசா தட்டு, டிங்குனு மணி மாதிரி கேட்டா நல்ல கல்லு, டொக்குனு செத்த சத்தம் வந்தா உள்ள விரிசல், திருப்பி குடுத்துரு. பொருள தாங்கி புடிக்கற டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவுல 3 எம்எம் தாண்டக்கூடாது, கல்லு தேயத்தேய ரெஸ்ட கிட்ட நகத்து.

கேரேஜ் பிரேக்கர் 15 ஆம்பியரா 20 ஆம்பியரான்னு பேனல தொறந்து பாரு. 15ன்னா 1800 வாட்ஸ்தான் மொத்தமே, ஒரு சா ஓடறப்பவே வேக்குவமும் போட்டா விழுந்துரும். பட்டறைக்குன்னு தனியா ரெண்டு 20 ஆம்பியர் லைன் இழுக்க சொல்லு, லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன வெச்சு பர்மிட் போட்டு பண்ணு, நீயா பண்ணாத. கரண்டு லீக் ஆனா தானா கட் ஆகற அந்த ஜிஎஃப்சிஐ பிளக் அடிக்கடி விழுதுன்னு மாத்திராத. நம்ம வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர்ல விழுகும், அது 5 மில்லி ஆம்பியர் லீக்குக்கே விழுந்துரும், அவ்ளோ நுணுக்கம். வெறுங்கால்ல ஈரத்தரைல பேரன் ஓடி வர்ற எடம், அது இருந்தே ஆகோணும்.

லைட் நாலடி எல்ஈடி நாலு போடு, உன் முதுகுக்கு பின்னாடி போடாம தலைக்கு கொஞ்சம் முன்னாடி வர்ற மாதிரி, இல்லைன்னா உன் நெழலே வேலை மேல விழுகும். மட்டமான லைட் மினுக்குச்சுன்னா டிரில்லயோ பொருளயோ புடிச்சு சுத்தற சக் நின்ன மாதிரி தெரியும், அந்த காலத்து டியூப்லைட்டுக்கு பயந்துதான் எங்க பட்டறைல லேத் மேல எல்லாம் ஒரு குண்டு பல்பும் போட்டு வெச்சிருப்போம். லைட்ட வாங்கறப்ப மினுக்காததான்னு கேட்டு வாங்கு.

மூலைல கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்குல்ல, அத ஏன் ஒன்றரை அடி மேடை மேல தூக்கி வெச்சிருக்காங்க தெரியுமா? பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட தவழ்ந்து போகும், நெருப்பு அதுக்கு மேல இருக்கோணும்னுதான். அதனால தின்னர், பெயிண்ட், மரத்தூள் மூட்டை எதுவும் அந்த பக்கம் வேண்டாம். மரத்துக்கு லின்சீட் ஆயில் தேச்சா அந்த துணிய சுருட்டி டப்பால போடாத, தானா சூடாகி தீ புடிக்கும், வெளிய வேலில ஒத்தையா விரிச்சு காயப்போடு. கார்ட்லெஸ் டிரில் பேட்டரியும் ஜூலை வெயில்ல கேரேஜ்ல சார்ஜ் போடாத, 40 டிகிரிக்கு மேல ஆகாது, வீட்டுக்குள்ள வெச்சு போடு. கேரேஜ் கதவு மேல சுருண்டிருக்கற பெரிய ஸ்பிரிங்ல கை வெக்கவே கூடாது, சத்தம் வந்தா ஆள கூப்பிடு.

மிஷின்னு வந்தா மொதல்ல டிரில் பிரஸ், டேபிள் சா இல்ல. நேரா ஒரு ஓட்டை போட வந்துட்டா பாதி பட்டறை கைக்குள்ள வந்த மாதிரி. இரும்புல 10 எம்எம் டிரில்லுக்கு 800 ஆர்பிஎம் பக்கம் வெய்யி, 5 எம்எம்முக்கு அதுக்கு டபுள், டிரில் பெருசாக ஆக வேகம் கொறையோணும். துண்ட கைல புடிக்காத, டிரில் அடிப்பக்கம் வெளிய வர்ற நேரத்துலதான் கொத்தி சுத்தும். அப்பறம் கிளவுஸ் போட்டுக்கிட்டு சுத்தற மிஷின் கிட்ட போகவே கூடாது, நம்ம தெரு லேத்து பட்டறைல ஒரு பையனுக்கு கிளவுஸ் சுத்தி கட்டைவிரல் போச்சே, நீயும் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தல்ல. முடிய கட்டு, கண்ணாடி போடு, முழுக்கை சட்டைய மடிச்சு விடு.

பேரனுக்கு பங்க் பெட், அந்த ரெண்டடுக்கு கட்டில், செய்யோணும்னா டேபிள் சா இல்லாமலே முடியும். கைல புடிக்கற சர்குலர் சா, நேர்கட்டை ஒண்ணு, அடில ஒரு ஃபோம் ஷீட், பிளைவுட் தரைலயே படுக்க வெச்சு அறுத்துக்கலாம். டேபிள் சால மரம் பிளேடுல கவ்வி திருப்பி அடிச்சா வயித்துல எறங்கற வேகத்துல வரும். அதுதான் வேணும்னா விரல் பட்ட உடனே பிளேட நிறுத்தற சாஸ்டாப் மாதிரி வாங்கு, விலை ஜாஸ்திதான், காசு சேரட்டும், ஒரு வருசம் போகட்டும், அதுவரைக்கும் வாங்காத. கம்ப்ரஸர் எதுக்குன்னு எனக்கு புரியல, ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கற வேலை வந்தா அப்ப பாக்கலாம்.

டிசம்பர்ல மாப்ளயோட தம்பி ஊருக்கு வந்துட்டு போறப்ப செக்-இன் பேக்ல நாலு இஞ்ச் வைஸ் ஒண்ணு குடுத்து விடறேன், என் பழைய வைஸ் இல்ல, புதுசு, தாடைய தேச்சு பாத்துட்டேன், நேரா கவ்வுது. கூடவே ராஃப் அரம் ஸ்மூத் அரம் ரெண்டும், மூலைமட்டம், சென்டர் பஞ்ச், தாடைக்கு மாட்ட அலுமினிய ஆங்கிள் துண்டு ரெண்டு. போல்ட் நட்டு வாஷர் எல்லாம் இங்கயே 12 எம்எம்ல போட்டு அனுப்பறேன், அங்க அரை இஞ்ச் நட்டு வாங்கி மாட்ட பாத்தா மரை சேராது. உன் முழங்கை உயரத்த செருப்போட நின்னு மாப்ளய அளக்க சொல்லி எம்எம்ல அனுப்பு, போல்ட் நீளம் கணக்கு போட மேல்பலகை கனம் எவ்ளோ வருதுன்னும் அளந்து சொல்லு. பேனல ஒரு போட்டோ எடுத்து போடு.

அப்பா