ஜிசிசி வழிநடத்தும் குழுவுக்குத் திறந்த மடல்: ஒரே ஓர் எண் கேட்கிறோம்

சி போன்ற மொழிகளில் எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாகத் தொகுக்கும் ஜிசிசி கம்பைலரின் வழிநடத்தும் குழுவினருக்கும் பராமரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

உகப்பாக்க (நிரலை வேகமாக்கும்) நிலை ஓ1-இல் சரியான விடை, அதைவிடக் கூடிய ஓ2-இல் தவறான விடை. இப்படியொரு நிரலோடு மல்லுக்கட்டுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் சந்தேகம் நிரல் எழுதியவர்மேல்தான் விழும். அது நியாயம்தான். நிரலின் பிழைகளைக் காட்டும் சானிடைசர்களை ஓட்டி, நிரல் சில மொழி விதிகளை மீறினாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் '-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலியாசிங்', '-எஃப்ராப்வி' என்ற இரண்டு கொடிகளையும் (கம்பைலருக்குத் தரும் விருப்பங்கள்) போட்ட பிறகும் தவறு நீடித்தால் கம்பைலர் பக்கம் திரும்பலாம். ஆப்ஜெக்ட் கோப்புகளில் பாதியை ஓ1-இலும் மீதியை ஓ2-இலும் தொகுத்து இணைத்துப் பார்த்தால் சிக்கல் உள்ள கோப்பும் அகப்பட்டுவிடும். அதற்கப்பால், எந்த பாஸ் (கம்பைலர் நிரலை மாற்றும் ஒவ்வொரு படி) கெடுத்தது என்று அறிய வழி இல்லை.

சந்தேகப்படும் ஃபங்ஷனுக்கு மட்டும் ஆப்டிமைஸ் ஆட்ரிபியூட்டால் ஓ1 கொடுத்தால், ஃபங்ஷன்கள் இன்லைன் ஆகும் (அழைத்த இடத்திலேயே பதியும்) விதமே மாறிப் பிழை ஒளிந்துகொள்கிறது. ஓ2-இன் கொடிகளை ஒவ்வொன்றாக அணைத்தாலும் அது ஓ1 ஆகிவிடாது. எல்லா உகப்பாக்கங்களுக்கும் தனிக் கொடி இல்லை என்று உங்கள் கையேடே சொல்கிறது. ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் நிரலின் நிலையைக் காட்டும் டம்ப்கள் எல்லாவற்றையும் கேட்டால் ஒரே சி கோப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் வந்து குவியும். அவற்றின் பெயரில் உள்ள பாஸ் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் பழைய ஸ்கிரிப்டும் உதவாது. உகப்பாக்கத்தை எண்ணி இடையில் நிறுத்தும் '-எஃப்டிபிஜி-சிஎன்டி' இருக்கிறதே என்பீர்கள். யாரோ முன்கூட்டியே கவுண்டர் வைத்த இடங்களில் மட்டும்தான் அது வேலை செய்யும். ஒரு பாஸை அணைக்கும் '-எஃப்டிஸேபிள்-ட்ரீ' கொடிக்கோ பாஸின் பெயர் தெரிய வேண்டும். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடும்!

எல்எல்விஎம் என்ற மற்றொரு கம்பைலர் திட்டத்தில் 2016 முதல் 'ஆப்ட்-பைசெக்ட்-லிமிட்' இருக்கிறது. ஒவ்வொரு பாஸ் ஓடும்போதும் எண் ஒன்று கூடும். வரம்பைத் தாண்டினால் தவிர்க்கக்கூடிய பாஸ்கள் நின்றுவிடும். பத்தாயிரம் ஓட்டங்கள் இருந்தாலும் பாதிபாதியாகப் பிரித்தால் 14 முறை தொகுப்பதற்குள் குற்றவாளி பாஸ், ஃபங்ஷன் பெயரோடு கிடைத்துவிடும். நாங்கள் கேட்பது இதே எண்ணைத்தான்.

இடமும் உங்களிடம் தயாராக இருக்கிறது. 'பாஸஸ்.சிசி' கோப்பில் 'எக்ஸிக்யூட்_ஒன்_பாஸ்' ஃபங்ஷன், ஒவ்வொரு பாஸின் கேட்டையும் (ஓட வேண்டுமா என்ற சோதனையையும்) விசாரித்து, டிஸேபிள் கொடிகளையும் அங்கேயே பார்க்கிறது. பொதுக் கவுண்டரை அதே இடத்தில் வைக்கலாம். எஸ்எஸ்ஏ (ஒவ்வொரு மாறிக்கும் ஒரே முறை மதிப்பு தரும் வடிவம்), சிஎஃப்ஜி (நிரல் ஓடும் பாதைகளின் வரைபடம்) போன்ற பண்புகளை உருவாக்கித் தரும் பாஸ்களையும், கட்டாயம் ஓட வேண்டிய எக்ஸ்பாண்ட், ரெஜிஸ்டர் ஒதுக்கீடு போன்றவற்றையும் தொடக்கூடாது. ஏறக்குறைய உகப்பாக்கமே இல்லாத ஓ0-இல் ஓடாதவற்றிலிருந்து தொடங்கினாலே பெரும்பகுதி தேறிவிடும்.

இடைநிலை வடிவத்தை (கம்பைலருக்குள் நிரல் எடுக்கும் உருவத்தை) வெளியே காட்டினால் தனியுரிம மென்பொருள்கள் அதைச் சுரண்டும் என்ற அச்சம் நெடுநாள் இந்தத் திட்டத்தைக் கட்டிப்போட்டது. 2009-இல் ரன்டைம் நூலக விதிவிலக்கு (தொகுத்த நிரலோடு சேரும் நூலகங்களுக்கான உரிமச் சலுகை) திருத்தப்பட்டது, 2010-இல் 4.5 பதிப்பில் ப்ளகின்கள் (வெளியார் சேர்க்கும் துணைநிரல்கள்) வந்தன. ஜிசிசியின் கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லோடு இணக்கத்தை அறிவிக்கும் குறியீடு இல்லாத ப்ளகினை ஜிசிசி இன்றும் ஏற்காது. உரிமத்துக்குக் காவல் போட்டாயிற்று. பிறகும் டம்ப் வடிவங்கள் எழுதியவருக்கு மட்டுமே விளங்கும்படி கிடப்பதை எப்படிப் பொறுப்பது? மூலநிரலைத் திறந்துவைத்துவிட்டு, தவறு எங்கே நேர்ந்தது என்று பார்க்கும் வழியை அடைத்துவைத்தால் வெளியாள் எப்படித்தான் பங்களிப்பது?

கோபம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மன்னியுங்கள். அடுத்த ஸ்டேஜ் 1 (புதிய வசதிகளை ஏற்கும் காலம்) திறக்கும்போது பாஸ்களை எண்ணும் அந்த ஒரே கவுண்டரை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்தும் முறையை வழு அறிவிக்கும் பக்கத்தில் நான்கு வரியில் எழுதிவையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஜிசிசியை நம்பி நிரல் தொகுப்பவர்கள்