கோடை வெப்பத்திலும் புழுக்கத்திலும் தேனீக் கூட்டங்களைக் காக்க உதவி கோரும் மனு

அனுப்புநர்:
தேனீ வளர்ப்போர்,
விளவங்கோடு, திருவட்டார் வட்டங்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்,
நாகர்கோவில்.

பொருள்: கோடைக்காலத்தில் தேனீப் பெட்டிகளுக்கு நிழல், தண்ணீர், இரவுப் போக்குவரத்து வசதி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். ரப்பர் தோட்டங்களை நம்பி இந்தியத் தேனீக்களை வளர்த்துவரும் நாங்கள், ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து எங்கள் கூட்டங்களைக் குலைத்துவருவதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த கோடைக்கு முன்பாகவே செய்து முடிக்கக்கூடிய சில உதவிகளைக் கோரி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

இம்மாவட்டத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது அரிது என்பதால், கோடைப் பாதிப்பு என்றதும் அதிகாரிகளின் நினைவுக்கு முதலில் வருவது வேலூர், கரூர் போன்ற உள்மாவட்டங்களே. தேனீக்களைப் பொறுத்தவரை இக்கணக்கு சரியல்ல என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறோம். பெட்டியின் புழு அறையை ஏறத்தாழ 33 முதல் 36 டிகிரிக்குள் வைத்திருந்தால்தான் புழுக்கள் ஒழுங்காக வளரும். அதற்காகப் பணித் தேனீக்கள் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அடைகளின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பி, இறக்கையால் விசிறி, அது ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியால் கூட்டைக் காக்கின்றன. வறண்ட ஊரில் இம்முறை நன்றாகவே பலனளிக்கும். கடலும் மலையும் நெருங்கியிருக்கும் எங்கள் பகுதியில், கோடை மழைக்கு முந்தைய நாட்களில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், எவ்வளவு விசிறினாலும் தண்ணீர் எளிதில் ஆவியாவதில்லை. மேலும், வாசலில் நின்று விசிறும்போது இத்தாலியத் தேனீ உள்காற்றை வெளியே இழுக்கும். நம் இந்தியத் தேனீயோ தலையை வெளிப்புறமாக வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஆகவே, இத்தாலியத் தேனீயை வைத்து எழுதப்பட்ட கோடைப் பராமரிப்புக் குறிப்புகளை அப்படியே எங்களுக்கு வழங்குவது போதாது.

இதன் விளைவுகள் கண்கூடானவை. மாலையில் பெட்டி வாசலில் தேனீக்கள் தாடிபோலக் கொத்தாகத் தொங்குகின்றன; தேன் சேகரிக்கப் போக வேண்டியவை தண்ணீர் சுமக்கின்றன; சேர்ந்த மதுரத்தின் (தேனாக முதிர்வதற்கு முந்தைய இனிப்பு நீரின்) ஈரம் குறையாததால், 20 விழுக்காடு என்ற ஈரப்பத வரம்புக்குள் தேன் முதிர்வதும் கடினமாகிறது. வெயிலில் இளகிய புதிய அடைகள் தேன்பாரம் தாங்காமல் அறுந்து விழுகின்றன. இறுதியில் கூட்டமே பெட்டியை விட்டு ஓடிப்போய்விடுகிறது. விட்டுப்போன அடைகளில் மெழுகுப்பூச்சி புகுந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனுக்கு அடிப்படையே இக்கூட்டங்கள்தாம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

எங்களுக்கு முதலில் வேண்டியது நிழல். முதிர்ந்த ரப்பர் தோட்டத்தில் மார்ச் மாதத்துக்குள் தளிர்கள் இலையாகி நிழல் தந்துவிடும். ஆனால் பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்து, ஊடுபயிராக அன்னாசி வைத்துள்ள நிலங்களில் சில ஆண்டுகளுக்கு நிழலே இருப்பதில்லை. பெட்டிகள் வெட்டவெளியில் காய்கின்றன. எனவே, தோட்டக்கலைத் துறை மானியத்தில் பெட்டிகள் வழங்கும்போது, பெட்டியோடு தாங்கியும், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு அமைக்கும் தென்னங்கீற்றுக் கூரைக்கான தொகையும் சேர்த்து வழங்க ஆவன செய்ய வேண்டுகிறோம். தகரக் கூரை வேண்டாம். அது வெப்பத்தை இன்னும் கூட்டும். மேலும், அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் ஓடைக்கரையை ஒட்டிய நிழலான இடங்களில், ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் பெட்டிகளை வைத்துக்கொள்ள, உரிய நிபந்தனைகளுடன் அனுமதி பெற்றுத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது தண்ணீர். கோதையாறு பாசனக் கால்வாய்களில் வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி இறுதி வரைதான் தண்ணீர் விடப்படுகிறது. கூட்டங்களுக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவைப்படும் மார்ச் முதல் மே வரையிலான நாட்களில் கால்வாய்கள் வறண்டு கிடக்கின்றன. பாசன அட்டவணையை மாற்றச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. அதைக் கேட்கவும் இல்லை. ஊராட்சிகளின் குடிநீர்த் தொட்டிகளுக்கு அருகே, தேனீக்கள் மூழ்காமல் அமர்ந்து குடிக்கக் கூழாங்கல் நிரப்பிய ஆழமற்ற சிறு தொட்டிகளை அமைத்து, அவற்றில் கொசு பெருகாதபடி அடிக்கடி தண்ணீர் மாற்ற உத்தரவிட்டாலே போதும். செலவு மிகக் குறைவு.

பருவத்துக்கு ஏற்பப் பெட்டிகளைக் கேரளத் தோட்டங்களுக்கும் திரும்ப ஊருக்கும் கொண்டுசெல்பவர்கள் எங்களில் பலர். தேனீக்கள் அடங்கிய பின் இரவில் வாசலை மூடி வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். சோதனைச் சாவடிகளில் ஆவணச் சரிபார்ப்புக்காக வண்டி நெடுநேரம் நின்று பொழுது விடிந்துவிட்டால், மூடிய பெட்டிக்குள் வெப்பம் ஏறிக் கூட்டம் முழுவதும் மடிந்துபோகிறது. ஆகவே தோட்டக்கலைத் துறையின் சான்றுள்ள வண்டிகளை முன்னுரிமை தந்து அனுப்புமாறு காவல் துறைக்கும் வனத் துறைக்கும் அறிவுறுத்தவும், கேரள அதிகாரிகளிடமும் இதுகுறித்துப் பேசவும் வேண்டுகிறோம்.

இந்தியத் தேனீக்களை வளர்க்கப் பயன்படும் நியூட்டன் வகைப் பெட்டியில் வாசலின் அகலம், அடிப்பலகையில் கம்பிவலை, மேல்மூடியில் காற்றுத்துளை ஆகியவற்றை எந்த அளவில் மாற்றினால் நம் புழுக்கத்துக்குப் பொருந்தும் என்பதைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையமும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் எங்கள் பெட்டிகளிலேயே ஒரு கோடை முழுவதும் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தால், பெட்டிகளை இலவசமாகத் தர நாங்கள் அணியமாக உள்ளோம்.

2024ஆம் ஆண்டு தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இழந்த தேனீக் கூட்டங்களையும் கணக்கெடுத்து, இழப்பீட்டுக்கு வழி செய்யுமாறும், அக்கணக்கெடுப்பில் வெப்பநிலையோடு காற்றின் ஈரப்பதத்தையும் அளவுகோலாகக் கொள்ளுமாறும் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். மறுநடவுத் தோட்டங்களையும் வறண்ட கால்வாய்களையும் நேரில் காட்ட, தங்கள் அலுவலர்கள் எந்த நாளில் வந்தாலும் உடனிருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேனீ வளர்ப்போர்

இடம்: மார்த்தாண்டம்
இணைப்பு: கையொப்பப் பட்டியல், பாதிக்கப்பட்ட பெட்டிகளின் படங்கள்