மீண்டவர்கள் நடத்தும் ஒரு வீடு மதுரைக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலப் பிரிவுகளில் படுக்கைகள் போதவில்லை, மருத்துவர்கள் போதவில்லை என்ற கோரிக்கைகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அவை நியாயமானவையே. ஆனால் படுக்கை தேவைப்படும் நிலைக்கு ஒருவர் போய்ச் சேரும் முன்னரே சில நாள்கள் தங்கித் தெளிவு பெற ஓர் இடம் மதுரை வட்டாரத்தில் வேண்டும் என்பதையும், அதை மனநோயிலிருந்து மீண்டவர்களே நடத்த வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருவருக்கு உறக்கம் கெட்டு, ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கத் தொடங்கினால், வீட்டார் முதலில் அதை மறைக்கிறார்கள்; தங்கைக்கு வரன் பார்க்கும் நேரமாக இருக்கும். பிறகு கோடாங்கி, கோயில், தர்கா என்று வாரங்கள் போகின்றன. எல்லாம் கைமீறிய பின் ஓர் இரவில் கையைக் கட்டி வாடகைக் காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. மருத்துவர் பற்றாக்குறை மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அச்சமும் வெட்கமும் பெரும் பங்கு வகிக்கின்றன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்தாம்டன் என்னும் ஊரில் 2012 முதல் ‘அஃபியா’ என்ற இல்லம் இயங்குகிறது. ஒரே நேரத்தில் மூவர், ஏழு இரவுகள் வரை கட்டணமின்றித் தங்கலாம். அங்குப் பணிபுரிவோர் அனைவரும் மன நெருக்கடியை அனுபவித்து மீண்டவர்கள். விரும்பி வருபவர்களுக்கு மட்டுமே இடம். பிறர் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போக முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமுதாய மனநல வழிகாட்டுதலில் இந்த இல்லத்தையும் எடுத்துக்காட்டியுள்ளது.

மருந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனநோய்க்கு ஆளான என் தம்பியை நிலைப்படுத்தியது மாத்திரைதான். ஆனால் உடல் பருக்கிறது, கை நடுங்குகிறது என்று அதை அவன் நிறுத்த முனைந்தபோது, புறநோயாளிப் பிரிவின் சில நிமிடப் பேச்சோ எங்கள் கெஞ்சலோ எடுபடவில்லை. அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே நடுக்கத்தோடு, தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து பேசியதுதான் எடுபட்டது. அளவைக் குறைக்குமாறு மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். குடியிலிருந்து மீள்வோருக்கு இது புதிதன்று. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் இதே அடிப்படையில் தமிழகத்திலும் பல ஊர்களில் கூடிவருகின்றன.

‘மருத்துவமனைக்கு மாற்று’ என்றதும் தென் மாவட்டத்தினருக்கு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கு ஒரு காப்பகக் கொட்டகையில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் சிக்கியவர்கள் உட்பட 28 பேர் இறந்தனர். கொண்டுவந்து விட்ட உறவினர் திரும்பி வராததும், உள்ளே இருந்தவரின் விருப்பத்தை எவரும் கேட்காததும் அத்தகைய காப்பகங்கள் பெருக வழி செய்தன. ஆகவே நான் கேட்கும் வீட்டில் தங்கும் நாள்களுக்குக் கண்டிப்பான வரம்பு இருக்க வேண்டும். அறைச் சாவி தங்குபவரின் கையில் இருக்க வேண்டும். வீடு மாநில மனநல ஆணையத்தில் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளவரை உடனே அனுப்ப அரசு மருத்துவமனையுடன் முன்கூட்டியே ஏற்பாடும் வேண்டும். அந்த நிலையில் பேச்சுத் துணை மட்டும் போதாது.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. சமுதாயத்தில் தங்கும் வசதி இல்லை என்பதற்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. மனநோயாளர்களின் முறையீடுகளை விசாரிக்க அச்சட்டப்படி அமையும் மறுஆய்வு வாரியத்தின் ஆறு உறுப்பினர்களில் இருவர் மனநோயாளர்களாகவோ அவர்களைப் பராமரிப்பவர்களாகவோ இத்துறைத் தொண்டு அமைப்பினராகவோ இருக்க வேண்டும். வாரியத்தில் அமரத் தகுதி உண்டென்று சட்டமே ஏற்றவர்களிடம் ஒரு வீட்டை நம்பி ஒப்படைக்க ஏன் தயக்கம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மதுரையில் தனியார் எவரும் எளிதில் வாடகைக்கு இடம் தரமாட்டார்கள் என்பதால், மாட்டுத்தாவணி அல்லது ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு அருகில், பயன்பாடின்றிக் கிடக்கும் அரசுக் கட்டடம் ஏதேனும் இருந்தால் அதை மாவட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும். அங்கு இரவில் கண்விழித்துப் பணிபுரியும் மீண்டவர்களுக்குப் பயிற்சியும் மாத ஊதியமும் வழங்க வேண்டும். சேவை என்ற பெயரில் இலவசமாக உழைக்கச் சொன்னால், வேறு வேலை கிடைத்ததும் அவர்கள் போய்விடுவார்கள்; அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பரங்குன்றம், மதுரை.